மேல் எது, கீழ் எது? செடியின் உறுப்பு இருக்கும் இடத்தைத் தமிழில் எழுத ஒரு முழு வழிகாட்டி

‘இலைக்கு மேலே பூ.’ ஏற்காட்டில் கிளியூர் அருவிக்கு இறங்கும் பாதையோரம் பார்த்த ஒரு புதரைப் பற்றி என் குறிப்பேட்டில் இப்படி ஒரு வரி இருக்கிறது. எழுதும்போது செடி கண்ணெதிரே நின்றதால் வரி தெளிவாகத்தான் தோன்றியது. நான்கு மாதம் கழித்து சேலத்தில் வீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தபோது ஒன்றும் பிடிபடவில்லை. பூ இருந்தது இலையின் பரப்பிலா, இலைக்கும் தண்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கிலா, இலை முளைத்த இடத்துக்குச் சற்று மேலே தண்டிலேயா, கிளையின் உச்சியிலா? ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு செடியில் கொண்டுபோய் விடும். உடன் எடுத்து வந்த கொப்பிலும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அது என்ன செடி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து செடியைப் பார்த்ததும் நிறத்தையும் அளவையும் எழுதுவதற்கு முன்னால், எது எங்கே இருக்கிறது என்பதை எழுதுகிறேன். நிழலில் வளர்ந்த காப்பிச் செடியின் இலையும் வெயிலில் நின்றதன் இலையும் அகலத்தில் வேறுபடும், பச்சையிலும் வேறுபடும். ஆனால் கணுவுக்கு இரண்டு இலை, எதிரும் புதிருமாக என்பது இரண்டிலும் ஒன்றுதான். உருவம் மண்ணுக்கும் மழைக்கும் வளைந்துகொடுக்கும். இடம் அத்தனை எளிதில் மாறாது. செடியின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க உதவும் திறவுகோல்கள் பெரும்பாலும் இடத்தைக் கேட்டே தொடங்குவது அதனால்தான்.

தமிழுக்கு இது புதிய பழக்கமும் இல்லை. வயிரம் (தண்டின் கெட்டியான பகுதி) வெளியில் இருந்தால் புல், உள்ளே இருந்தால் மரம் என்று புறக்காழ், அகக்காழ் என்னும் இரண்டு சொற்களால் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. பனையும் தென்னையும் புல்லின் பக்கம் போனது அப்படித்தான். கீழாநெல்லி என்ற பெயரிலேயே காய் எங்கே தொங்குகிறது என்ற குறிப்பு இருக்கிறது. ஏழிலைப்பாலை என்ற பெயர் ஒரு கணுவைச் சுற்றி நிற்கும் இலைகளை எண்ணிச் சொல்கிறது. இந்தக் கூர்மையை நம் குறிப்பேட்டுக்குள் கொண்டுவருவதுதான் இங்கே நோக்கம்.

கைவசம் வேண்டியவை அதிகமில்லை. பத்து மடங்கு பெருக்கும் கை லென்ஸ், ஒரு பிளேடு, பென்சில், கொஞ்சம் நூல். ஏற்காட்டுச் சாரலில் பேனா மை கரைந்துவிடும் என்பதால் பென்சில்தான் நல்லது.

முதல் படி: வானத்தை மறந்து அச்சைப் பிடியுங்கள்

‘மேல்’ என்ற ஒரே சொல் தமிழில் நான்கு வேலை பார்க்கிறது. வானத்தைப் பார்த்த பக்கம் மேல். கிளையின் நுனியை நோக்கிய திசை மேல். இலையில் தண்டைப் பார்த்த முகம் மேல். பூவுக்குள் மற்ற உறுப்புகளுக்கு மேலே உட்கார்ந்த சூற்பையும் (பின்னால் காயாகும் பகுதி) மேல். நிமிர்ந்து நிற்கும் செடியில் இவை ஏறக்குறைய ஒத்துப்போவதால் குழப்பம் தெரிவதில்லை. தொங்கும் செடியிலும் சாயும் கிளையிலும் நான்கும் நான்கு பக்கம் இழுக்கும்.

ஆகவே முதலில் ‘மேல்’, ‘கீழ்’ இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, அடி, நுனி என்று எழுதிப் பழகுங்கள். ஒரு உறுப்பு எங்கே ஒட்டியிருக்கிறதோ அது அடி. அங்கிருந்து விலகிப்போய் முடியும் இடம் நுனி. மிளகுச் சரம் கொடியிலிருந்து தொங்கும்போது அதன் நுனி தரையைப் பார்த்திருக்கும். ஆனாலும் அதுதான் நுனி. வாழைத்தாரிலும் அப்படியே: முதல் சீப்பு அடிப்பக்கம், வாழைப்பூ நுனிப்பக்கம். தார் எப்படிக் கவிழ்ந்து தொங்கினாலும் இது மாறாது.

இரண்டு புள்ளிகளை ஒப்பிட வேண்டியிருந்தால் அண்மை, சேய்மை என்ற சொற்கள் கைகொடுக்கும். ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பது அண்மை, தூரத்தில் இருப்பது சேய்மை. ‘இலைக்காம்பின் அண்மை முனை வீங்கியது’ என்று எழுதினால், காம்பு தண்டோடு சேரும் இடம் வீங்கியிருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. ‘காம்பின் கீழ்ப்பகுதி வீங்கியது’ என்றால் வரும்.

இரண்டாம் படி: கணுவைத் தேடுங்கள், கண்ணைத் தேடுங்கள்

தண்டில் இலை புறப்படும் இடம் கணு. இரண்டு கணுவுக்கு நடுவே உள்ள நீளம் கணுவிடை. இலைக்காம்பும் தண்டும் சேர்ந்து, நுனியைப் பார்த்த பக்கத்தில் ஒரு சிறு இடுக்கை உண்டாக்கும். அதுதான் இலைக்கோணம். அங்கே இருக்கும் மொட்டு கோணமொட்டு, கிளையின் முனையில் இருப்பது நுனிமொட்டு. தோட்டக்காரர்கள் கோணமொட்டைக் கண் என்பார்கள், பேச்சில் கண்ணு. மிக நல்ல சொல் அது. பாடப்புத்தகச் சொல்லோடு இதையும் நான் சேர்த்தே பயன்படுத்துகிறேன்.

இலைக்கோணத்தில் கண் இருக்கும், பல துண்டுகளாகப் பிரிந்த கூட்டிலையின் ஒரு துண்டான சிற்றிலையின் கோணத்தில் கண் இருக்காது. இந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் பாதித் தவறுகள் போய்விடும். முருங்கையில் விரல்நகம் அளவு இருக்கும் பச்சைத் துண்டை இலை என்று எழுதிவிடுகிறோம். அதன் அடியில் லென்ஸ் வைத்துத் தேடினால் கண் கிடைக்காது. காம்பைப் பிடித்துக்கொண்டே போய், அது தண்டில் சேரும் இடத்துக்கு வந்தால்தான் கண் தெரியும். அப்படியானால் அந்த முழு ஈர்க்கும் சேர்ந்துதான் ஓர் இலை. காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கின் இலையும் பெரணி போலக் கிழிந்து கிடக்கும். கண்ணைத் தேடினால் அது ஒரே இலை என்று தெரிந்துவிடும்.

கீழாநெல்லி இதற்கு நேர்மாறு. பார்ப்பதற்குப் புளிய இலை போலக் கூட்டிலை மாதிரியே இருக்கும். ஒரு ஈர்க்கைக் கிள்ளித் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு சிறு பச்சைத் துண்டின் அடியிலிருந்தும் ஒரு பூவோ காயோ தொங்கும். பூ வருகிறதென்றால் அங்கே கோணம் இருக்கிறது. கோணம் இருந்தால் அந்தத் துண்டு சிற்றிலை இல்லை, முழு இலை. நாம் இலை என்று நினைத்த ஈர்க்கு ஒரு கிளை. காய் ‘இலைக்குக் கீழே’ இருப்பதாகப் பெயர் சொன்னாலும், அது பிறந்த இடம் இலைக்கோணம்தான். காம்பு வளைந்து கீழே தொங்குகிறது, அவ்வளவே. பிறந்த இடம் ஒன்று, தொங்கும் திசை வேறு என்பதை இந்தச் சின்னச் செடியைவிட நன்றாகக் கற்றுத்தரும் செடியை நான் பார்த்ததில்லை. சேலத்தில் மழை பெய்த பிறகு எந்தக் காலி மனையிலும் கிடைக்கும்.

மூன்றாம் படி: ஒரு கணுவில் எத்தனை இலை?

எண்ணுவது எளிது. கணுவுக்கு ஒன்று என்றால் மாற்றிலை அமைவு, இரண்டு என்றால் எதிரிலை அமைவு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் வட்ட இலை அமைவு. அரளியில் பெரும்பாலும் கணுவுக்கு மூன்று. ஏழிலைப்பாலையில் பெயரில் ஏழு என்றிருந்தாலும் ஐந்தும் ஆறும்கூடப் பார்க்கலாம்.

மாற்றிலையில் நிற்காமல் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். கிளையை நுனிப்பக்கமிருந்து, துப்பாக்கிக் குழலுக்குள் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் இலைகள் எத்தனை வரிசையாகத் தெரிகின்றன? சீத்தாவிலும் நெட்டிலிங்கத்திலும் இரண்டு வரிசை. கோரையில் மூன்று. செம்பருத்தியில் ஐந்து: முதல் இலைக்கு நேர்மேலே வருவது ஆறாவது இலை, அதற்குள் தண்டை இரண்டு சுற்று சுற்றியிருப்போம். ஒரு நூலை இலையடிகளைத் தொட்டுக்கொண்டே சுற்றிப் பார்த்தால் கையிலேயே கணக்கு வந்துவிடும்.

எதிரிலையில், அடுத்தடுத்த ஜோடிகள் ஒன்றுக்கொன்று குறுக்காக நின்றால் குறுக்குமறுக்கு எதிரிலை அமைவு. எருக்கு, துளசி, இட்லிப்பூ எல்லாம் அப்படித்தான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. காப்பியின் நேர்தண்டில் ஜோடிகள் குறுக்குமறுக்காகத் தெளிவாகத் தெரியும். பக்கக்கிளைக்கு வந்தால் எல்லா இலைகளும் ஒரே தளத்தில் விசிறிபோல் விரிந்திருக்கும். அமைவு மாறவில்லை. வெளிச்சத்துக்காகக் கணுவிடையும் காம்பும் முறுகி இலைகளைத் திருப்பிவிட்டன. அதனால் இலை அமைவை எப்போதும் நிமிர்ந்து வளரும் தண்டில் பார்த்து எழுதுங்கள். பக்கக்கிளையில் மட்டும் பார்த்திருந்தால் அதையும் எழுதிவிடுங்கள்.

ஒரு கோணத்தில் பல கண்கள்

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காலத்தில் காப்பி ஏற்காட்டு மலைக்கு ஏறியது. இன்று சேர்வராயன் மலைச் சரிவுகளில் பாதையோரம் நின்று கைநீட்டினால் தொடக்கூடிய செடியும் காப்பிதான். இடச்சொற்களைப் பழக இதைவிடத் தோதான செடி கிடையாது.

ஒரு எஸ்டேட்டில் கவாத்து (கிளை கழித்தல்) நடந்துகொண்டிருந்தபோது, சக்கர் (நேராக மேலெழும் போத்து) ஒடித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம், “இதெல்லாம் ஒரே கணுவுலதானே வருது, எது கம்பு, எது சக்கர்னு எப்படிக்கா தெரியுது?” என்று கேட்டேன்.

அவர் ஒரு நேர்தண்டைப் பிடித்து, கட்டைவிரல் நகத்தால் தொட்டுக் காட்டினார். “இந்தா, மேல் கண்ணு இருக்குல்ல, அது விட்டா படுத்தாப்ல கம்பு. கீழ இருக்குற கண்ணு விட்டா நெட்டா சக்கர். கம்பு ஒடிஞ்சா அவ்வளவுதான் தம்பி, அந்த எடத்துல இன்னொரு கம்பு வராது. சக்கர் அப்படியில்ல, ஒடிக்க ஒடிக்க வந்துக்கிட்டே இருக்கும்.”

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இலைக்காம்பின் அடியில், தண்டோடு ஒட்டி, கண்கள் ஒன்றின் மேல் ஒன்றாக வரிசையாக இருந்தன. நுனிப்பக்கம் இருந்தது மற்றவற்றைவிடச் சற்றே விலகி, கோணத்துக்கு வெளியே தண்டில் நின்றது. அந்த ஒன்றுதான் கிடைமட்டமாகப் படரும் பக்கக்கிளையாகிறது. அதில்தான் பூவும் காயும் வரும். இலைக்காம்பை ஒட்டிய கண்கள் நேராக மேலெழும் போத்துகளாகின்றன. ஒரு மில்லிமீட்டர் இட வித்தியாசம், ஒரு கிளை படுக்குமா நிற்குமா, காய்க்குமா காய்க்காதா என்பதைத் தீர்மானிக்கிறது. அந்த அக்காவின் ‘மேல் கண்ணு’ என்ற சொல்லை நான் குறிப்பேட்டில் அப்படியே எழுதி, பக்கத்தில் ‘வரிசைக் கண்களில் நுனிப்பக்கக் கண், கோணத்துக்குச் சற்று வெளியே’ என்று சேர்த்துக்கொண்டேன்.

நான்காம் படி: இலையின் இரண்டு முகங்கள்

பாடநூல்களில் மேற்புறத்தோல், கீழ்ப்புறத்தோல் என்று இருக்கும். படுத்த நிலையில் உள்ள இலைக்கு அது சரி. தைலமரத்தின் முற்றிய இலை கத்திபோல் செங்குத்தாகத் தொங்கும். அதில் எது மேற்புறம்? ஆகவே அச்சு நோக்கிய முகம், அச்சு விலகிய முகம் என்று எழுதுவதே பாதுகாப்பு. அச்சு என்பது அந்த இலையைத் தாங்கும் தண்டு.

கண்டுபிடிக்கும் வழி இது: குருத்தில் இலை இன்னும் விரியாமல் தண்டின் நுனியை அணைத்துக்கொண்டிருக்கும். அப்போது உள்ளே தண்டைப் பார்த்த முகம் அச்சு நோக்கியது, வெளியே தெரியும் முகம் அச்சு விலகியது. முற்றிய இலைதான் கையில் இருக்கிறது என்றால் கோணமொட்டைத் தேடுங்கள். மொட்டு இருக்கும் பக்கத்தில் விரலை வைத்து, காம்பின் மேல் அப்படியே நகர்த்திக்கொண்டு இலைப்பரப்புக்கு வாருங்கள். காம்பு எத்தனை முறுக்கு முறுகியிருந்தாலும் விரல் வந்து நிற்கும் முகம் அச்சு நோக்கியதுதான். சில்வர் ஓக்கில் காற்றடித்தால் பளீரென்று வெள்ளியாக மின்னுவது அச்சு விலகிய முகம்.

இதே சொற்கள் பூவிதழுக்கும் பொருந்தும். மொட்டுக்குள் பூவின் நடுவைப் பார்த்திருந்த உள்பக்கம், அச்சு நோக்கிய முகம். காப்பிக்கொட்டையைக்கூட இப்படிச் சொல்லலாம்: தட்டையான, நடுவில் கோடு விழுந்த பக்கம் பழத்தின் நடுவை, அதாவது இன்னொரு கொட்டையைப் பார்த்திருந்த பக்கம்.

ஐந்தாம் படி: எங்கிருந்து புறப்படுகிறது?

பூவோ மஞ்சரியோ (பூங்கொத்து) சுருளோ, எதுவானாலும் அது புறப்படும் புள்ளியைத் தேடிப் போங்கள். மாம்பூங்கொத்து கிளையின் நுனியில். செம்பருத்திப் பூ இலைக்கோணத்தில் தனியாக. சுண்டைக்காய்க் கொத்து கோணத்திலும் இல்லை, நுனியிலும் இல்லை. கணுவிடையில் தண்டின் பக்கவாட்டில் நிற்கும், அதைக் கோணத்துக்குப் புறம்பானது என்று எழுதலாம். பலாவின் பெண் மஞ்சரி அடிமரத்திலும் தடித்த கிளையிலும்.

மிளகில்தான் சற்று நிற்க வேண்டும். பக்கக்கிளையில் சரம் இலைக்கோணத்தில் இருக்காது. அதே கணுவில், இலைக்கு நேர் எதிர்ப்பக்கம் இருக்கும். எதிர்ப்பக்கம் இலையே இல்லாதபோது அங்கே ஒரு சரம் எப்படி முளைத்தது? விடை, அது பக்கத்தில் முளைத்ததே இல்லை என்பதுதான். கிளையின் நுனிமொட்டுதான் சரமாக முடிந்துபோகிறது. உடனே இலைக்கோணத்துக் கண் விழித்து, வளர்ச்சியை எடுத்துக்கொண்டு நேராகப் போகிறது; சரம் ஓரமாகத் தள்ளப்படுகிறது. அடுத்த கணுவிலும் இதே கதை. நேரான ஒரே கிளை என்று நாம் பார்ப்பது, ஒன்றன் தோளில் ஒன்று ஏறி நிற்கும் பல கிளைகளின் தொடர். ‘இலைக்கு எதிர்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

கொடிகளின் பற்றுச்சுருளையும் இதேபோல் பாருங்கள். பிரண்டையிலும் திராட்சையிலும் சுருள் இலைக்கு எதிரே. பேஷன் ஃப்ரூட்டில் இலைக்கோணத்தில். பாகல், பீர்க்கு வகைகளில் இலைக்காம்பின் பக்கத்தில். செங்காந்தளில் இலையின் நுனியே நீண்டு சுருளாகிவிடும். சுருள் ஒன்றுதான், இடம் நான்கு. பூவே இல்லாத கொடியைக்கூட இந்த ஒரு குறிப்பால் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று முடிவுசெய்யலாம். ‘பற்றுச்சுருள் உண்டு’ என்று மட்டும் எழுதிய குறிப்பை நான் பாதிக் குறிப்பாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இலையடிச் செதில் சிறியது, சீக்கிரம் உதிர்வது, அதனால் பலரும் விட்டுவிடுவது. கிளையின் நுனிப்பக்கக் கணுக்களில் தேடினால் கிடைக்கும். செம்பருத்தியில் காம்பின் இரு பக்கமும் தனித்தனியாக, ரோஜாவில் காம்போடு ஒட்டி, ஆலிலும் அரசிலும் நுனிமொட்டை உறையாக மூடி. ஆல் வகையில் உறை விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி மோதிரம்போல் ஒரு தழும்பு மிஞ்சும். காப்பியில் எதிரெதிர் இலைகளின் காம்புகளுக்கு நடுவே முக்கோணமாக இருக்கும். இட்லிப்பூவிலும் நுணாவிலும் அதே இடம், காரணம் மூன்றும் ஒரே குடும்பம். எதிரிலை, காம்புகளுக்கு நடுவே செதில் என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் பூ வரும்வரை காத்திருக்காமல் காப்பிக் குடும்பத்தை நினைக்கலாம்.

ஆறாம் படி: பூவுக்குள்

இங்கேதான் ‘மேல்’, ‘கீழ்’ இரண்டும் அதிகம் தொல்லை தரும்.

மேல்மட்டச் சூற்பை என்றால், புல்லியும் (வெளி இதழ்வட்டம்) அல்லியும் (உள் இதழ்வட்டம்) மகரந்தத்தாளும் சூற்பையின் அடியிலிருந்து புறப்படுகின்றன, சூற்பை அவற்றுக்கு மேலே நிற்கிறது. கீழ்மட்டச் சூற்பை என்றால், அவை சூற்பையின் தலையிலிருந்து புறப்படுகின்றன. இதுவரை சிக்கலில்லை. பாடநூலின் அடுத்த பக்கத்தில் ஹைப்போகைனஸ், அதாவது சூலகக்கீழ் மலர் என்று ஒரு சொல் வரும். அதற்கு மேல்மட்டச் சூற்பை என்று விளக்கமும் இருக்கும். மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘மேல்மட்டம்’ சூற்பையின் இடத்தைச் சொல்கிறது, ‘சூலகக்கீழ்’ மற்ற உறுப்புகளின் இடத்தைச் சொல்கிறது. சூற்பை மேலே என்றால் மற்றவை அதற்குக் கீழே, இரண்டும் ஒரே பூ. எப்பிகைனஸ் இதற்கு எதிர். ரோஜாவில் சூலகங்கள் ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்திருக்க, மற்றவை கிண்ணத்தின் விளிம்பில் நிற்கும், அது பெரிகைனஸ். என் குறிப்பேட்டில் ‘சூற்பை மேல்’, ‘சூற்பை கீழ்’ என்று மட்டும் எழுதுகிறேன். எதன் இடம் என்பது அந்தச் சொல்லிலேயே இருப்பதால் குழப்பம் வருவதில்லை.

பூ உதிர்ந்த பிறகும் இதைச் சொல்ல முடியும். சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போய் ஒரு கூடையைப் பாருங்கள். கத்தரி, தக்காளி, மிளகாயில் புல்லி காம்புப் பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: சூற்பை மேல். கொய்யாவிலும் மாதுளையிலும் புல்லி காம்புக்கு எதிர்முனையில் கிரீடமாக நிற்கிறது: சூற்பை கீழ். பிஞ்சு வெள்ளரியின் நுனியில் வாடிய பூ தொங்குவதும், வாழைப்பழத்தின் நுனியில் கருத்த முனை இருப்பதும் அதே காரணத்தால். காப்பிப் பழத்தின் காம்புக்கு எதிர்முனையில் ஒரு சிறு வட்டத் தழும்பு தெரியும். பூ உட்கார்ந்திருந்த இடம் அது. அதுவும் கீழ்மட்டம்.

அடுத்தது, யாருக்கு எதிரே யார். மகரந்தத்தாள் அல்லிமடலுக்கு நேர் எதிரே நிற்கிறதா, இரண்டு மடல்களுக்கு இடைப்பட்டு நிற்கிறதா? பெரும்பாலான பூக்களில் இடைப்பட்டுத்தான். சப்போட்டாவில் மகரந்தம் தரும் தாள்கள் மடல்களுக்கு எதிரே நிற்கும், அது அந்தக் குடும்பத்துக்கே அடையாளம். அல்லிக்குழலைப் பிளேடால் ஒரு பக்கம் கீறி விரித்துப் பார்த்தால், தாள் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

பக்கவாட்டில் பிறக்கும் பூவுக்கு முன்புறம், பின்புறம் உண்டு. பூவைத் தாங்கும் தாய் அச்சின் பக்கம் பின்புறம், பூவடிச்செதிலின் பக்கம் முன்புறம். மலர் வரைபடத்தில் மேலே ஒரு புள்ளியாக வைப்பது அந்தத் தாய் அச்சைத்தான். அவரைப் பூவில் கொடிபோல் விரிந்த பெரிய இதழான கொடியல்லி பின்புறம் நிற்கும், படகுபோல் சேர்ந்த படகல்லிகள் முன்புறம். சங்குப்பூவைப் பாருங்கள்: அதே குடும்பம், ஆனால் பெரிய கொடியல்லி கீழே விரிந்து கிடக்கிறது. பூ தலைகீழாகத் திரும்பிவிட்டது. ‘பெரிய இதழ் கீழே’ என்று எழுதினால் கண்ணுக்குச் சரி. ‘கொடியல்லி பின்புறத்தது, பூ திரும்பியதால் கீழே’ என்று எழுதினால்தான் செடிக்குச் சரி.

ஆர்கிட்டில் இந்தத் திருப்பம் இன்னும் அழகு. இந்தியத் தாவரவியல் மதிப்பாய்வகத்தின் தேசிய ஆர்கிட் பூங்கா 1963 முதல் ஏற்காட்டில் இருக்கிறது. அங்கே ஒரு வாண்டா கொத்தின் முன்னால் ஒரு முழு முற்பகல் நின்றிருக்கிறேன். கொத்தின் நுனியில் இளமொட்டு, அடியில் விரிந்த பூ. இளமொட்டில் உதட்டிதழ் அச்சின் பக்கம், அதாவது பின்புறம். அடிப்பக்கம் வர வர, காம்பு மாதிரித் தெரியும் பகுதி கொஞ்சம் கொஞ்சமாக முறுகுகிறது. விரிந்த பூவில் அரைச் சுற்று முடிந்து, உதடு கீழே வந்து பூச்சி இறங்கத் திண்ணையாகிவிடுகிறது. காம்பு என்று நான் முதலில் நினைத்தது பெரும்பகுதி சூற்பையே. கீழ்மட்டச் சூற்பை என்பதால் பூவுக்குப் பின்னால் காம்புபோல் நீண்டிருக்கிறது. அதன் மேலுள்ள வரிப்பள்ளங்கள் கயிற்றின் புரிபோல் சுற்றியிருப்பதை லென்ஸில் பார்க்கலாம். முறுக்கின் சான்று அது.

சூல்கள் (பின்னால் விதையாகுபவை) எங்கே ஒட்டியிருக்கின்றன என்பதற்குக் காயைக் குறுக்கே வெட்டினால் போதும். பப்பாளியில் சுவரில், தக்காளியில் நடு அச்சில், அவரையில் ஓரத் தையலில். ஆர்கிட்டிலும் சுவரில்தான்.

ஏழாம் படி: எழுதுவது

அடியிலிருந்து நுனிக்கு, வெளியிலிருந்து உள்ளுக்கு. இந்த வரிசையை மாற்றாமல் எழுதினால் எதையும் விட மாட்டோம். ஒவ்வொரு வரியிலும் எந்த உறுப்பு, எதை வைத்துப் பார்த்தால் எங்கே என்ற இரண்டும் இருக்க வேண்டும். காப்பிக்கு நான் எழுதியது இது:

‘இலை கணுவுக்கு இரண்டு, எதிரெதிர், நேர்தண்டில் குறுக்குமறுக்கு, பக்கக்கிளையில் முறுகி ஒரே தளத்தில். இலையடிச் செதில் எதிர்க் காம்புகளுக்கு நடுவில், முக்கோணம். நேர்தண்டின் கோணத்தில் வரிசைக் கண்கள். நுனிப்பக்கக் கண் பக்கக்கிளையாகும். பூக்கள் பக்கக்கிளையின் இலைக்கோணங்களில் கொத்தாக. அல்லி குழல், மடல் 5. மகரந்தத்தாள் 5, குழலின் வாயருகே ஒட்டி, மடல்களுக்கு இடைப்பட்டு. சூற்பை கீழ், அறை 2, அறைக்குச் சூல் 1. பழத்தின் சேய்மை முனையில் வட்டத் தழும்பு.’

நிறம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனாலும் காப்பியைத் தெரிந்தவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே கண்டுபிடித்துவிடுவார். நிறத்தையும் மணத்தையும் இதற்குப் பிறகு தாராளமாக எழுதலாம். மழை விழுந்த பத்தாம் நாள்வாக்கில் மலை முழுதும் வெள்ளையாகப் பூத்து மணக்கும்போது அதை எழுதாமல் இருக்கவும் முடியாது.

ஒரு பழக்கத்தை மட்டும் வற்புறுத்திச் சொல்கிறேன். ‘இல்லை’ என்பதையும் ‘பார்க்கவில்லை’ என்பதையும் பிரித்து எழுதுங்கள். இலையடிச் செதிலைத் தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போனால் ‘இல்லை, உதிர்ந்த தழும்பும் இல்லை’. தேட நேரமில்லாவிட்டால் ‘பார்க்கவில்லை’. வெற்றிடம் விட்டால் பின்னால் படிப்பவர் அதை ‘இல்லை’ என்றுதான் எடுத்துக்கொள்வார். அந்தப் பின்னால் படிப்பவர் பெரும்பாலும் நாமேதான்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் கிளியூர்ப் பாதைக்கு மறுபடி இறங்கப் போகிறேன். குறிப்பேட்டில் அந்த ஒற்றை வரியின் கீழே கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்: இலை கணுவுக்கு எத்தனை? பூ கோணத்திலா, எதிர்ப்பக்கமா, புறம்பாகவா? செதில் உண்டா, எங்கே? காயில் புல்லி எந்த முனையில்?